எத்தனை நாள் இருப்பீர்கள்?

மால்டா பற்றி நம்மிடம் விசாரிக்க வரும் கட்சிக்காரர் “பி.ஆர். எடுக்க எவ்வளவு ஆகும்?” என்றுதான் ஆரம்பிக்கிறார். நாமும் உடனே தொகை சொல்லத் தொடங்கிவிடுகிறோம். அந்தத் தீவில் அவர் வசிக்கப் போகிறாரா என்பது பிறகுதான் பேச்சில் வருகிறது. சில கோப்புகளில் அது வருவதே இல்லை.

2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் மால்டாவின் முதலீட்டுக் குடியுரிமைத் திட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அத்திட்டத்தில் 36 மாத வதிவிடத்துக்குப் பின் குடியுரிமை பெற 6 லட்சம் யூரோ கட்ட வேண்டியிருந்தது. 7.5 லட்சம் கட்டினால் 12 மாதமே போதுமாக இருந்தது. காத்திருப்பைக் குறைக்கவும் ஒரு விலை! அந்த மாதங்களில் ஆள் அங்கே இருந்தாக வேண்டும் என்பதும் இருக்கவில்லை. கைரேகை கொடுக்கவும் உறுதிமொழி எடுக்கவும் போனால் போதுமாக இருந்தது. நீதிமன்றத்தை உறுத்தியவற்றில் இதுவும் ஒன்று.

தீர்ப்பு குடியுரிமையைப் பற்றியது. வதிவிட அனுமதிகளைத் தொடவில்லை. ஆனால் கட்சிக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். அதைப் பிரித்துச் சொல்வது நம் வேலை.

நிரந்தர வதிவிடத் திட்டம் (பி.ஆர்.) அட்டை தரும், தனி வரிச்சலுகை தராது. அதன் கட்டணங்கள் 2025 ஜனவரியில் மாறின. பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். குளோபல் ரெசிடன்ஸ் திட்டம் நேர்மாறு. அது அடிப்படையில் வரி ஏற்பாடு: மால்டாவுக்குக் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு 15 சதவீதம், ஆண்டுக்குக் குறைந்தது 15,000 யூரோ. வீடு வாங்கினால் 2,75,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. கோசோ தீவிலும் மால்டாவின் தென்பகுதியிலும் 2,20,000. மால்டாவில் இத்தனை நாள் தங்கவேண்டும் என்று அதன் விதி சொல்வதில்லை. வேறெந்த ஒரு நாட்டிலும் ஆண்டில் 183 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. சென்னையில் எட்டு மாதம் இருக்கும் தொழிலதிபருக்கு இந்தத் திட்டத்தை விற்றுவிட்டு, பிறகு கையைப் பிசைவதில் பயனில்லை.

நோமாட் அனுமதி, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையவழியில் வேலை செய்பவர்களுக்கானது. 2024 ஏப்ரலில் வருமான வரம்பு ஆண்டுக்கு 32,400 யூரோவிலிருந்து 42,000 ஆனது. அந்த வேலையின் வருமானத்துக்கு முதல் 12 மாதம் வரி இல்லை, பிறகு 10 சதவீதம்.

உழைத்துப் பிழைக்கப் போகிறவர்கள் நுழையும் வாசல் சிங்கிள் பெர்மிட். ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் அனுமதி அது. நம் கட்டணம் இதில் சொற்பம் என்பதாலோ என்னவோ, நம் கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஐந்து ஆண்டு அங்கேயே சட்டப்படி வாழ்ந்து, மால்டீஸ் மொழித் தேர்வும் ஒருங்கிணைப்புப் படிப்பும் முடித்து, ஒன்றியத்தின் நீண்டகால வதிவாளர் தகுதியைக் கேட்கக்கூடியவர்கள் இவர்கள். அதற்கும் நாள் கணக்கு உண்டு: வெளியே இருந்த காலம் ஒரே தடவையில் 6 மாதத்தை எட்டக்கூடாது, ஐந்தாண்டில் மொத்தம் 10 மாதத்தைத் தாண்டக்கூடாது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து தங்கிவிட்டவருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் விசாரணைப் படிவத்தில் பட்ஜெட் கட்டத்துக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: ‘ஆண்டில் எத்தனை நாள் மால்டாவில் இருப்பீர்கள்?’ அது நிரம்பும்வரை தொகை எதையும் சொல்லாதீர்கள்.