கோதுமை பீரில் மல்லி: கேட்ட பிள்ளைகளுக்கு டீச்சரின் பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு "மதினிக்கு என்ன ஆச்சு?" என்று ராஜபாளையத்திலிருந்து போன் வரும் என்று தெரியும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வயசு வரை ஒரு வாய் குடித்ததில்லை, இனியும் இல்லை. ஆனால் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளிடம் வேதியியல் கேள்வி வந்தால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் வீட்டிலேயே பீர் தயாரிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்: "டீச்சர், பெல்ஜியம் பாணி கோதுமை பீர் போடுறேன். அதுல மல்லி போடுவாங்களாம். நம்ம ஊர் வாசம் வர்ற மாதிரி வேற என்ன மசாலா சேர்க்கலாம்? கரம் மசாலா போட்டா என்ன?" அதே வாரம் ஒரு அம்மாவும் பேசினார். மகன் வீட்டில் பீர் காய்ச்சுகிறான் என்று தெரிந்ததிலிருந்து இரண்டு மாதமாக அவனோடு பேச்சே இல்லையாம். "நீங்க சொன்னா கேப்பான் டீச்சர், நல்லா நாலு வார்த்தை கேளுங்க" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் எந்த மதுவைத் தயாரித்தாலும் குற்றம். சவுதி, குவைத்தில் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை, அங்கே தண்டனை கடுமை. இங்கிலாந்தில் 1963-லிருந்து வீட்டுத் தேவைக்கு உரிமம் இல்லாமல் பீர் தயாரிக்கலாம். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. ஆகவே பீர் தயாரிப்பு பற்றி நான் எழுதுவது, சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருக்கும் வயதுவந்த பிள்ளைகளுக்கு மட்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கடைசியில் வேறு வேலை வைத்திருக்கிறேன்.

இப்போது மல்லிக்கு வருவோம். பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே பல நூற்றாண்டுகளாகக் கோதுமை பீர் தயாரித்தார்கள். பாதிக்குப் பாதி முளைகட்டாத கோதுமை, மீதி முளைகட்டி உலர்த்திய பார்லி. கோதுமையால் கலங்கி, வெள்ளையாகத் தெரியும். அதனால் "வெள்ளை பீர்" என்றே பெயர். பக்கத்து நாடான ஜெர்மனியின் பவேரியாவில் 1516-லேயே பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் பீரில் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். பெல்ஜியத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மல்லியும், கரீபியக் கடலில் இருக்கும் குராசோ தீவின் கசப்பு ஆரஞ்சுத் தோலும் பீரில் சேர்ந்தன.

1950-களில் அந்த ஊரின் கடைசி பீர் ஆலையும் மூடப்பட்டது. 1966-இல் பியர் செலிஸ் என்பவர் அதை மறுபடி தொடங்கினார். அவர் அதுவரை செய்த தொழில் என்ன தெரியுமா? பால் வியாபாரம். இளவயதில் பக்கத்து ஆலையில் கூடமாட வேலை செய்த பழக்கம் ஒன்றுதான் கைமுதல். இன்று உலகம் முழுவதும் குடிக்கப்படும் இந்த வகை பீர் அவரால் பிழைத்தது. அவருடைய பீரில் மல்லி, ஆரஞ்சுத் தோல் தவிர மூன்றாவது ஒரு சரக்கும் இருந்தது என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். அது எதுவாக இருந்தாலும், குடிப்பவரால் பெயர் சொல்ல முடியாத அளவுக்குத்தான் போட்டிருக்கிறார். அந்த அளவுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

என் கருத்து இதுதான். மசாலா கூடக்கூட நம் ஊர் வாசம் கூடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதில் என்ன இருக்கிறது? பாலும் சர்க்கரையும்தான். ஏலக்காய் கிடையாது, முந்திரி கிடையாது. அடுப்பும் கரண்டியும் பக்குவமாக இருந்தால் போதும். நம் ஊரின் கைவாசம் என்று ஒன்று உண்டென்றால் அது அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்ப்பதில் இல்லை, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதில் இருக்கிறது.

அடுத்து, "பரிசோதனை" என்ற சொல். தோன்றியதை எல்லாம் போட்டுவிட்டு ருசி பார்ப்பதைப் பரிசோதனை என்று சொன்னால் நான் மார்க் போட மாட்டேன். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், நடந்ததை எழுதி வைக்க வேண்டும். பிளஸ் டூ ஆய்வகத்தில் சொன்னதுதான். கரம் மசாலாவில் எட்டு பத்துச் சாமான் இருக்கிறது. பீர் கெட்டால் எதனால் கெட்டது, நன்றாக வந்தால் எதனால் வந்தது என்று உன்னால் சொல்ல முடியாது. அந்தத் தயாரிப்பிலிருந்து நீ ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றே அர்த்தம்.

அதற்கு ஒரு சுலப வழி. மசாலா சேர்க்காத பீரை முதலில் தயார் செய். 20 கிராம் மல்லியை ஒன்றிரண்டாக இடித்து, வெந்நீரில் ஐந்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டி, 200 மில்லி கசாயம் ஆக்கு. ஒரு மில்லியில் 0.1 கிராம் மல்லியின் சாரம். இப்போது 200 மில்லி பீர் உள்ள மூன்று டம்ளர்களில், ஊசி இல்லாத சிரிஞ்சால் 1, 2, 3 மில்லி என்று விடு. நான்காவது டம்ளரில் ஒன்றும் விடாதே, ஒப்பிட அது வேண்டும். 2 மில்லி விட்டது பிடித்திருக்கிறதா? அந்த டம்ளரில் இருப்பது 0.2 கிராம். 20 லிட்டர் என்பது அதைப்போல் 100 மடங்கு. ஆக 20 கிராம். ஒரு டம்ளரில் தெரிந்துகொள்ள முடிவதற்காக 20 லிட்டரைப் பணயம் வைக்க வேண்டாம்.

இனி ஒவ்வொரு சாமானாகப் பார்ப்போம்.

மல்லி: 20 லிட்டருக்கு 15 முதல் 25 கிராம் போதும். வறுக்கக் கூடாது. மல்லியின் மணத்துக்கு முக்கியக் காரணம் லினலூல் என்ற பொருள். அது எளிதில் ஆவியாகும். வறுத்தால் எலுமிச்சை சாயல் போய் சாம்பார் வாசம் வந்துவிடும். அடுப்பை அணைக்கும் முன் கடைசி ஐந்து நிமிடத்தில் போடு. ரசம் நுரை கூட்டி இறக்கும்போது தழை கிள்ளிப் போடுகிறோமே, அதே கணக்கு. இன்னொன்று: ஐரோப்பிய மல்லி சிறியது, உருண்டை, எண்ணெய்ச் சத்து அதிகம். விருதுநகர், கோவில்பட்டி கரிசலில் விளையும் நம் மல்லி பெரியது, நீள்வட்டம், எண்ணெய்ச் சத்து குறைவு. எடை ஒன்றானாலும் மணம் ஒன்றாகாது. ஆகவே அவர்கள் புத்தகத்து அளவை அப்படியே நம்பாமல் டம்ளர் சோதனை செய். மல்லிப்பொடி வேண்டாம், பழைய மல்லியும் வேண்டாம்.

தோல்: குராசோ தோல் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. நார்த்தங்காய்த் தோல் முயன்று பார்க்கத் தகுந்தது. உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையை நன்றாகச் சீவிவிடு, வேண்டாத கசப்பு அதில்தான். ஊறுகாய்க்கு உப்புப் போட்டு வைத்ததை எடுத்துவிடாதே!

கிராம்பு: வேண்டவே வேண்டாம். கோதுமை பீருக்குப் பயன்படும் ஈஸ்ட், தானியத்தில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை 4-வினைல் குவாயக்கால் என்ற பொருளாக மாற்றுகிறது. அதன் மணமே கிராம்பு மணம்தான். இயற்கையே போட்டுத் தருவதை நீ எதற்கு இரண்டாம் முறை போட வேண்டும்?

ஏலக்காய்: 20 லிட்டருக்கு இரண்டு மூன்று காய். அதைத் தாண்டினால் பாயசம்.

மிளகு, சுக்கு: தட்டிய மிளகு மூன்று கிராம், அல்லது சுக்கு ஐந்து கிராம். இரண்டில் ஒன்று மட்டும். பெல்ஜியத்தில் சிலர் சேர்க்கும் "சொர்க்கத்தின் தானியம்" என்ற மேற்கு ஆப்பிரிக்க விதை, நம் இஞ்சி, ஏலக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ருசி மிளகுபோல் இருக்கும். ஆகவே இவை அந்நியமாகத் தெரியாது.

தாளிப்பு: சிரிக்காதீர்கள், ஒருவன் கேட்டான். எண்ணெய் பட்டால் பீரின் நுரை நிற்காது. நெய்யில் வறுத்த எதையும் பீரில் சேர்க்காதே.

கருப்பட்டி: இது மசாலா அல்ல, சர்க்கரை. ஈஸ்ட்டுக்குத் தீனி. நொதித்து முடியாத பீரையோ, அளவு தெரியாமல் கருப்பட்டி சேர்த்ததையோ பாட்டிலில் அடைத்தால் வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும். கண்ணாடித் துண்டு கண்ணில் பட்டால் அப்புறம் அழுது பயனில்லை.

இப்போது அந்த அம்மாவுக்கு. தங்கச்சி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்ததைப் பார்த்த நமக்கு "வீட்டில் காய்ச்சுவது" என்றாலே வயிறு கலங்கும். அங்கே உயிரைக் குடித்தது மெத்தனால். தானியத்தை ஈஸ்ட் போட்டு நொதிக்க வைக்கும்போது அந்த விஷம் ஆபத்தான அளவில் உண்டாவதில்லை. உங்கள் மகன் செய்வது கள்ளச்சாராயம் அல்ல, அவன் இருக்கும் ஊரில் சட்டமீறலும் அல்ல. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் தசமூலாரிஷ்டமும் மூலிகைக் கசாயத்தில் வெல்லமும் தாதகிப் பூவும் மணச்சரக்கும் சேர்த்து நொதிக்க வைத்ததுதான். தானாக உண்டான ஆல்கஹால் இவ்வளவு என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். நாம் அதைப் பிரசவித்த பெண்ணுக்கே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அதற்காக மகன் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் மது இருக்கிறது. மசாலா போட்டதால் அது மருந்தாகிவிடாது. தம்பி, இதை நீயும் கேட்டுக்கொள். 20 லிட்டர் போட்டு நீ ஒருவனாகவே குடித்துத் தீர்க்கிறாய் என்றால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை. அந்தக் கவலை அம்மாவுக்கு இருப்பது நியாயம். மறைக்காமல் என்ன, எவ்வளவு என்று அவரிடம் சொல். தங்கச்சி, நீங்களும் திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். பேசாமல் இருந்தால் அவன் குடிப்பது குறையாது, உங்களுக்குச் சொல்வதுதான் குறையும்.

கடைசியாக உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு. இதே பாடத்தைப் பானகத்தில் படிக்கலாம். 100 கிராம் வெல்லத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒரு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். ஐந்து டம்ளராகப் பிரியுங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். ஒன்றில் சுக்கு, ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் மிளகு, ஒன்றில் மல்லி. எல்லாம் ஒரு சிட்டிகைதான். வீட்டுப் பெரியவர்களுக்கு எதில் என்ன என்று சொல்லாமல் கொடுத்து, அவர்கள் சொல்வதை எழுதுங்கள். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் கூட்டத்துக்குப் பானகம் கரைப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் அளவு கேட்டுப் பாருங்கள். "கண்ணளவுதான்" என்பார்கள். அந்தக் கண்ணளவைக் கிராமாக மாற்றி எழுதி வைப்பது உங்கள் வேலை. அவர்களுக்குப் பின்னால் அது தொலைந்துவிடக் கூடாது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பீர் பாட்டிலின் படம் அனுப்ப வேண்டாம். என்ன போட்டாய், எத்தனை கிராம், எந்த நிமிடத்தில், எப்படி வந்தது என்று எழுதிய நோட்டின் படத்தை அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்