கடைக்காரருக்கு எஸ்.இ.ஓ. வராது என்பவர்களுக்கு

"அதெல்லாம் நமக்கு வராதுங்க மாப்ளே. மாசமானா ஒரு தொகையைக் குடுத்துட்டா அவங்களே பார்த்துக்குவாங்க."

கோயம்புத்தூரில் ஹோட்டல்களுக்கு மாவரைக்கும் டில்டிங் கிரைண்டர் செய்து விற்கிறார் என் அக்கா வீட்டுக்காரர். தன் வெப்சைட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாமா சொன்னது இது. அவர் மட்டும் சொல்வதில்லை. சிறுதொழில் செய்கிற பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் இதையேதான் சொல்வார்கள். கூகுள் தேடலில் தளத்தை முன்னால் வரவைக்கும் எஸ்.இ.ஓ. என்பது கம்ப்யூட்டர் படித்தவர்களின் வேலை, வியாபாரி உட்கார்ந்து கற்று ஆகப்போவது ஒன்றுமில்லை, தெரிந்த ஆளிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான் என்ற எண்ணம் நன்றாக ஊறிப்போய்விட்டது. அது தவறு. நிறையப் பேரின் பணத்தைக் கரைக்கிற தவறு. அதனால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

மாமா எஸ்.இ.ஓ. செய்து தருகிற ஆட்களுக்கு எட்டு மாதம் பணம் கட்டியிருந்தார். மாதாமாதம் வண்ண வண்ண வரைபடங்களோடு ஒரு அறிக்கை வரும். தேடலிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறை அலுவலகத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கூகுளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அவர் தளத்தின் முகவரியைப் போட்டேன். இப்படித் தேடினால் அந்தத் தளத்திலிருந்து கூகுள் தன் கணக்கில் சேர்த்திருக்கும் பக்கங்கள் வரும். ஒன்றும் வரவில்லை. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. தளம் கட்டும்போது போட்டது. திறந்த பிறகு யாரும் எடுக்கவில்லை. எட்டு மாதமாகக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டே வாடிக்கையாளர் வரவில்லை என்று காத்திருந்திருக்கிறோம். அந்த டிக்கை எடுக்க ஒரு நொடி ஆனது. மாமா வெகுநேரம் பேசவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தேடலில் தளங்கள் எப்படிச் சேர்கின்றன என்பதைத் தொடக்கக்காரர்களுக்காகக் கூகுளே ஒரு கையேடாக எழுதி 2008-லிருந்து இலவசமாகத் தருகிறது. ஒரு மாலையில் படித்து முடிக்கலாம்.

ஒப்படைத்துவிடு என்பவர்கள் முதலில் சொல்வது, இது தொழில்நுட்ப ரகசியம் என்று. இதில் தொழில்நுட்பம் உண்டு, மறுக்கவில்லை. கூகுளின் நிரல் ஒவ்வொரு பக்கமாக வந்து படிக்கிறது, படித்ததைத் தன் பேரேட்டில் பதிகிறது, யாராவது தேடும்போது அதிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகிறது. இந்த மூன்று படிகளில் எங்கே தடங்கல் என்று பார்க்கத் தெரிய வேண்டும். தளம் செல்போனில் ஒழுங்காகத் திறக்க வேண்டும், பூட்டுக்குறி உள்ள பாதுகாப்பான முகவரி வேண்டும். இருபது பக்கம் உள்ள ஒரு சிறு தளத்துக்கு இதெல்லாம் பெரும்பாலும் ஒருமுறை செய்து முடிக்கிற வேலை. மாதாமாதம் செய்ய வேண்டியது வேறு. அது வாடிக்கையாளரின் சொல்லைத் தேடுகிற வேலை.

மாமாவின் முகப்புப் பக்கத்துக்குத் தலைப்பாக இருந்தது 'ஹோம்' என்ற ஒரே சொல். தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிய வேண்டிய இடம் அது. கீழே 'உலகத் தரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்' என்று நாலு பத்தி. லிட்டர் அளவு, மோட்டார், விலை எல்லாம் ஒரு கலர் நோட்டீஸைப் படம் எடுத்து ஒட்டியதில் இருந்தன. படத்துக்குள் அடைபட்ட எழுத்து, பக்கத்தில் எழுதிய எழுத்தைப் போலத் தேடலுக்கு உதவாது. அந்தப் பக்கத்தில் மாமாவின் தொழிலே தெரியவில்லை.

"போன் பண்றவங்க என்ன கேப்பாங்க மாமா?" என்றேன். மூச்சு விடாமல் சொன்னார். "சிங்கிள் பேஸ்ல ஓடுமாங்க? ஒரு ஈடுக்கு எத்தனை கிலோ அரிசி போடலாம்? கல்லை எத்தனை மாசத்துக்கு ஒருக்காக் கொத்தணும்? டில்டிங்கா, கையில அள்ளறதா? சேலத்துல கெட்டுப்போனா ஆள் அனுப்புவீங்களா? ஜிஎஸ்டி பில்லு உண்டா?" இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூடத் தளத்தில் பதில் இல்லை. எழுதித் தந்தவருக்கு இப்படிக் கேள்விகள் இருப்பதே தெரியாது. அவர் ஹோட்டல் சமையற்கட்டில் விடிகாலை நாலு மணிக்கு நின்றவர் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. மாமாவுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை வெளியாளிடம் எதிர்பார்த்தது எங்கள் பிழை. கேள்விக்கு ஒரு பக்கமாக, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம்.

இரண்டாவது, முதலிடம் நிச்சயம் என்று தருகிற வாக்கு. கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. உழைப்பின் பலன் தெரிய பெரும்பாலும் நாலு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும் என்றும் சொல்லியிருக்கிறது. பிறகு எப்படி முதலிடத்தைக் காட்டுகிறார்கள்? உங்கள் கம்பெனிப் பெயரையே தேடிக் காட்டுவார்கள், அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லாததால் நீங்கள்தான் முதலில் வருவீர்கள். அல்லது யாரும் தேடாத நீளமான ஒரு தொடரைத் தேடிக் காட்டுவார்கள். கடையில் உட்கார்ந்து உங்கள் போனிலேயே தேடினால் பக்கத்தில் இருப்பதால் உங்கள் கடை மேலே வரும். கூகுள் மேப்பில் வருகிற கடைகளின் வரிசைக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் கூகுள் பார்க்கிறது, பணம் கட்டி அதை மாற்ற வழியில்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதி ஏமாற்று நடக்காது.

'கீவேர்ட் டேக்' போட்டுத் தருகிறோம் என்று இன்னமும் சிலர் பில்லில் எழுதுகிறார்கள். பக்கத்தின் மறைவில் சொற்களை அடுக்கும் அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் வலுவானது. பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்பு வந்தால்தான் மதிப்பு கூடும், அதை நாம் எங்கே போய்ச் சம்பாதிப்பது, காசு கொடுத்து வாங்கித்தானே ஆக வேண்டும் என்கிறார்கள். முன்பாதி உண்மை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்தபோது லாரி பேஜும் செர்கே பிரினும் கண்ட வழியே அதுதான். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டினால் அதற்கு மதிப்புக் கூடுவதுபோல, ஒரு பக்கத்தைப் பல பக்கங்கள் சுட்டினால், அதிலும் மதிப்புள்ள பக்கங்கள் சுட்டினால், அதன் மதிப்பு கூடும். 1998-ல் கூகுள் தொடங்கியது இந்த எண்ணத்தின்மேல்தான். அது பணமாகும் என்று தெரிந்ததும் இணைப்பு விற்கும் சந்தையும் தொடங்கியது.

அந்தச் சந்தையில் வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடைகளில் ஒன்றான ஜே.சி. பென்னி, உடை, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் முன்னால் வந்தது. தொடர்பே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு இணைப்புகள் இருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்தது, கடை பல பக்கங்கள் பின்னால் போனது. அந்த நிறுவனம் தனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி, எஸ்.இ.ஓ. ஆட்களை நீக்கியது. தெரியாது என்றதால் தண்டனை குறையவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெங்குவின் என்ற பெயரில் கூகுள் கொண்டுவந்த மாற்றம், இப்படிப்பட்ட இணைப்புகளை நம்பியிருந்த தளங்களைக் கூட்டமாகக் கீழே தள்ளியது. அவ்வளவு பெரிய நிறுவனம் தாங்கிக்கொண்டது. ஒரே வெப்சைட்டை நம்பியிருக்கும் பட்டறைக்காரர் என்ன செய்வார்?

காசு கொடுக்காமல் இணைப்பு கிடைக்காது என்பதும் சரியில்லை. மாமாவுக்குப் பதினோரு டீலர்கள். அவர்களில் நாலு பேருக்குத் தளம் உண்டு, ஒன்றில்கூட மாமாவின் தள முகவரி இல்லை. கேட்டதும் போட்டார்கள். கண்காட்சியில் ஸ்டால் எடுத்தபோது பங்கேற்றவர்கள் பட்டியலில் முகவரியைக் கொடுக்க மறந்திருந்தார். வியாபாரத்தில் ஏற்கெனவே இருக்கிற உறவுகள்தான் இவை.

விளம்பரத்துக்குப் பணம் போட்டால் தேடலிலும் மேலே வரும் என்பது நாலாவது. வராது. விளம்பரம் தனி, தேடல் வரிசை தனி, பணம் நின்ற அன்றே விளம்பரமும் நின்றுவிடும். ஆனால் விளம்பரத்தையாவது ஆளிடம் விட்டுவிடலாமே என்று கேட்கலாம். மாமாவின் விளம்பரக் கணக்கைத் திறந்து, எந்தச் சொல்லைத் தேடியவர்கள் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். வெல்டிங் பட்டறையில் இரும்பு தேய்க்கிற ஆங்கிள் கிரைண்டர், காபிக்கொட்டை அரைக்கிற கிரைண்டர், வீட்டு மிக்சர் கிரைண்டர். இவர்கள் தொட்ட ஒவ்வொரு தொடுதலுக்கும் மாமா காசு கட்டியிருந்தார். இந்தச் சொற்களுக்கு விளம்பரத்தைக் காட்டாதே என்று ஒதுக்கிவைக்க அங்கேயே வசதி உண்டு. 'ஆங்கிள்' என்ற சொல்லைப் பார்த்த நொடியில் மாமா "அது நம்ம சரக்கே இல்லீங்களே" என்றார்.

இப்போது புதிதாகக் கேட்பது, ஏஐ வந்துவிட்டது, இனிமேல் இதைக் கற்று என்ன பயன் என்பது. தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ சுருக்கம் தருவதைக் கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும் கொண்டுவந்தது. பொதுத் தகவல் தரும் தளங்களுக்கு இது நிஜமான இடிதான், பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுருக்கத்தில் இடம்பெறவும் பக்கம் கூகுளின் பேரேட்டில் இருக்க வேண்டும், வேறு தனி வித்தை எதுவும் தேவையில்லை என்பதைக் கூகுளே சொல்கிறது. அந்த டிக் போட்ட தளத்துக்கு ஏஐயிலும் இடமில்லை. கிரைண்டர் வாங்குகிறவர் சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கடைசியில் யாருக்காவது போன் செய்துதான் ஆக வேண்டும்.

வெளியாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பொருள்களை ஆன்லைனில் விற்கும் கடைக்கும், தளத்தை ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவருக்கும் தேர்ந்த ஆள் கட்டாயம் வேண்டும். அப்படிப்பட்ட நல்ல ஆட்கள் முதல் நாளே உங்களிடம் உங்கள் வாடிக்கையாளரைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். யாரை வைத்தாலும் தள முகவரி, மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் கணக்கு, தேடல் விவரங்களைக் காட்டும் சர்ச் கன்சோல் கணக்கு மூன்றும் உங்கள் பெயரில் இருக்கட்டும். மாமாவின் தள முகவரி அவர் பணம் கட்டிய ஆட்களின் பெயரில் பதிவாகியிருந்தது, திரும்ப வாங்க இரண்டு மாதம் அலைந்தோம்.

இப்போது மாமா ஞாயிறு காலை டீ குடித்த கையோடு சர்ச் கன்சோலைத் திறக்கிறார். எந்தெந்தச் சொல்லைத் தேடியவர்களுக்குத் தன் தளம் தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் இருக்கும். இதற்கும் காசில்லை. போன வாரம் புதிதாக ஒன்று வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பேச்சாகவே யாரோ அடித்திருக்கிறார்கள்: 'கிரைண்டரில் மாவு சூடாகுது ஏன்'. மாமா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கல்லு கொத்தி நாளாயிருக்கும் மாப்ளே. ஓட்டம் ஜாஸ்தியாகும், மாவு சூடாகும். உளுந்து பொங்காது. முதல்ல கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லோணும்…" என்று தொடங்கினார். நான் போனில் ரெக்கார்டரைப் போட்டு அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.