காகத்துக்கு எத்தனை கல் வேண்டும்?

கதை எழுதுவதும் தகவல் தேடுவதும் ஆங்கில வகுப்பில் தனித்தனிச் சடங்குகளாகிவிட்டன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கேள்வி.

இந்தியாவில் ஆங்கிலம் படித்த எவரும் ஒரு காகத்தைக் கடக்காமல் வந்திருக்க முடியாது. 'தாகமெடுத்த காகம் - பானை - அடியில் கொஞ்சம் தண்ணீர் - கூழாங்கற்கள் - நீதி' என்று குறிப்புகள் கொடுக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள கோடுகளை எடுத்துவிட்டு, முன்னால் 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்று ஒட்டி, வினைச்சொற்களை இறந்தகாலத்துக்கு மாற்றினால் கதை தயார். நாற்பது பேர் வகுப்பில் நாற்பது காகங்களும் ஒரே மாதிரி பறந்து வந்து ஒரே மாதிரி தண்ணீர் குடிக்கும். இதற்குக் கதை எழுதுதல் என்று பெயர். நடப்பதோ கோடிட்ட இடத்தை நிரப்புதல்.

'ஆராய்ச்சி'யின் கதையும் இதேதான். புராஜெக்ட் என்றதும் குடும்பமே தெருமுனை ஸ்டேஷனரி கடைக்கு ஓடுகிறது. படங்கள் அச்சிட்ட தாள், சார்ட், ஸ்கெட்ச் பேனா, இப்போது கூடவே இன்டர்நெட்டிலிருந்து எடுத்த பிரிண்ட் அவுட். அப்பா வெட்ட, அம்மா ஒட்ட, குழந்தை பெயரை மட்டும் எழுதுகிறது. அழகான அட்டைக்கு முழு மதிப்பெண். உள்ளே இருப்பதை ஆசிரியரும் படிப்பதில்லை, எழுதியவரும் படித்ததில்லை.

இரண்டுக்கும் நோய் ஒன்றுதான். யாரும் எதையும் கேட்கவில்லை. காகத்துக்கு எத்தனை கல் தேவைப்பட்டது? சிறிய கல்லா, பெரிய கல்லா? பானையில் தண்ணீருக்குப் பதில் மரத்தூள் இருந்தால் அது கல் போடுமா? குழந்தைத்தனமான கேள்விகள் என்று ஒதுக்க வேண்டாம். 2009-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள், காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் என்ற பறவைகளிடம் இதையேதான் கேட்டுப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு புழுவை மிதக்கவிட்டு, பக்கத்தில் கற்களை வைத்தார்கள். பறவைகள் கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்திப் புழுவை எடுத்தன. சிறிய கற்களை விட்டுப் பெரியவற்றைத் தேர்ந்தெடுக்கவும் பழகிக்கொண்டன. மரத்தூளில் கல் போட்டுப் பயனில்லை என்பதையும் கற்றுக்கொண்டன. ஈசாப்பின் பெயரால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு கதைக்குள்ளே ஒரு ஆராய்ச்சி ஒளிந்திருந்தது. எடுத்துப் பார்க்க ஒரு கேள்வி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நம் ஆங்கில வகுப்புகளுக்குள் கேள்வியைக் கொண்டுவர யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1979-லிருந்து 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு அதை வழிநடத்தினார். இலக்கணப் பாடம் நடத்தாமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கையில் கொடுத்து, 'இந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும்?' என்பது போன்ற புதிர்களைப் போடுவார்கள். மாணவர்களின் கவனம் விடை கண்டுபிடிப்பதில் இருக்கும். போகிற போக்கில் ஆங்கிலம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. 1987-ல் புத்தகமாக வந்த இந்த அனுபவம் உலகெங்கும் மொழி ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது. உள்ளூர்ப் பள்ளிகளிலோ அது நிலைக்கவில்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் (சி.பி.எஸ்.இ.) தன் பங்குக்கு முயன்றது. 1993-ல் ஒன்பதாம் வகுப்பில் புதிய ஆங்கிலப் பாடத்திட்டம் வந்தது. மனப்பாடத்தைக் குறைத்து மொழியைப் புழங்கவிடுவது நோக்கம். சில ஆண்டுகளில் அதற்கும் கைடுகள் வந்துவிட்டன. 2014-ல் முன்கூட்டியே பாடப்பகுதியைக் கொடுத்து, அதை வைத்துக்கொண்டே எழுதும் தேர்வு அறிமுகமானது. 2017-ல் கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு இருந்த கதை எழுதும் கேள்வியும் பின்னர் விடைபெற்றது. புள்ளிவிவரத்தையோ வரைபடத்தையோ பார்த்து எழுதும் பத்தி அந்த இடத்துக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் புராஜெக்டுக்குப் பத்து மதிப்பெண் உண்டு. நேரில் பேட்டி எடுத்து எழுதலாம் என்று வாரியத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆக, கதையும் இருந்திருக்கிறது, ஆராய்ச்சியும் இருக்கிறது. ஆனால் ஒன்றின் முகத்தில் மற்றொன்று விழிப்பதில்லை.

இரண்டையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கப் பெரிய வசதி எதுவும் தேவையில்லை. எட்டாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: 'வீட்டுக்கு ஒரு தந்தி வருகிறது.' இன்றைய எட்டாம் வகுப்புக் குழந்தை தந்தியைக் கண்ணால் பார்த்ததில்லை. 2013 ஜூலையில் அந்தச் சேவையே நின்றுவிட்டது. ஆனால் பார்த்தவர்கள் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறார்கள். எழுத உட்காரும்போதுதான் தெரியாதது எவ்வளவு என்று தெரியும். தந்தியை யார் கொண்டுவந்தார்? இரவிலும் வருமா? தந்தி என்றதுமே வீட்டில் ஏன் அழுகை கிளம்பியது? கதையை நகர்த்த வேண்டுமென்றால் விடை வேண்டும். கேள் என்று ஆசிரியர் விரட்ட வேண்டியதில்லை, கதையே விரட்டும்.

இங்கேதான் தேடலின் பால பாடங்கள் தொடங்குகின்றன. முதலாவது, கேள்விகளை எழுதிக்கொண்டு போவது. 'தந்தியைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் தாத்தா இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். 'உங்கள் வீட்டுக்கு வந்த தந்தியை யார் படித்துச் சொன்னார்கள்?' என்றால் அரை மணி நேரம் பேசுவார். இரண்டாவது, ஒருவரோடு நிறுத்தாமல் இன்னொருவரையும் கேட்பது. கொண்டுவந்தவர் தபால்காரர் என்பார் ஒருவர். இல்லை, அதற்கென்று தனி ஆள் உண்டு என்பார் மற்றவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஊருக்கு ஊர் ஏற்பாடு வேறு. மூன்றாவது, நினைவையும் பதிவையும் ஒப்பிடுவது. 'அதெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாங்களே' என்று பாட்டி சொல்வதையும், 2013-ன் பழைய நாளிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்காவது, கேட்டதைத் தன் சொற்களில் குறித்துக்கொண்டு, யார் சொன்னது என்று ஓரத்தில் எழுதுவது. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் செய்வது இந்த நான்கைத்தான்; அவர்களுடைய அலமாரி கொஞ்சம் பெரிது.

மொழிப்பாடமும் தானாகவே வந்து சேருகிறது. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்ற நான்கு சொற்களில் எத்தனை சொற்கள் விழுங்கப்பட்டிருக்கின்றன? அவற்றைத் திரும்ப நிரப்பி முழு வாக்கியம் எழுதச் சொன்னால், இலக்கணப் புத்தகத்தில் பத்துப் பக்கம் தேய்த்தாலும் பதியாதது ஒரு பீரியடில் பதியும். 'சீரியஸ்' என்ற சொல் நம் ஊரில் உயிருக்கு ஆபத்து என்றும், இங்கிலாந்தில் முதலில் 'சிரிக்காதவர்' என்றும் ஏன் தொனிக்கிறது என்று அகராதியைப் புரட்டவும் ஒரு காரணம் கிடைக்கும். கதையில் ஒரு பையன் தந்தியைப் படித்துவிட்டு உடனே மொபைலில் மாமாவைக் கூப்பிட்டால், 'இது எந்த வருஷம் நடக்கிறது?' என்று வகுப்பே கேட்கும். விவரப்பிழையைக் கண்டுபிடிக்கும் கண் அப்படித்தான் திறக்கிறது.

இதில் யாருக்கு லாபம் என்பதுதான் முக்கியமான விஷயம். மனப்பாடக் கதை எழுதுவதில் ஜெயிப்பது வீட்டில் ஆங்கிலம் பேசுகிற, ட்யூஷன் வைத்துக்கொள்ள முடிகிற குழந்தை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை அங்கே ஆரம்பத்திலேயே பின்தங்கிவிடுகிறது. ஆனால் விவரத்துக்கு மதிப்பு என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். கிணறு வெட்டும்போது ஊற்று எங்கே தெரியும், மாட்டுக்கு எப்போது லாடம் அடிப்பார்கள், சந்தையில் துண்டுக்கடியில் விரல்களால் எப்படி விலை பேசுவார்கள் என்பதெல்லாம் எந்த ஆங்கிலப் பள்ளி வேனிலும் ஏறி வராத அறிவு. மும்பை மாதுங்காவில் படிக்கும் தமிழ்க் குழந்தை பாட்டியிடம் தமிழில் கேட்டு, கீழ்வீட்டுக்காரரிடம் மராத்தியில் கேட்டு, வாட்ச்மேனிடம் இந்தியில் கேட்டு, முடிவில் ஆங்கிலத்தில் எழுதுகிறது. தாய்மொழி ஆங்கிலத்துக்குத் தடை என்ற பழைய பயம் இந்த இடத்தில் உடைகிறது. தாய்மொழிதான் அந்தக் குழந்தையின் நூலகம்.

பரீட்சைக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்துக்கு ஆர்.கே. நாராயணைவிடப் பெரிய சாட்சி கிடையாது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் தோற்ற பாடம் ஆங்கிலம். 1935-ல் அவருடைய முதல் நாவல் 'சுவாமியும் நண்பர்களும்' ஆங்கிலத்தில் வெளிவந்தது. மாநிலங்களவை நியமன உறுப்பினரான அவர், 1989-ல் தன் கன்னிப் பேச்சைப் பள்ளிக் குழந்தைகளின் முதுகுச் சுமைக்காகவே செலவிட்டார். அந்தக் கவலையின் தொடர்ச்சியாக அமைந்த பேராசிரியர் யஷ்பால் குழு, 1993-ல் தந்த அறிக்கையில் ஒரு நுட்பமான உண்மையைச் சுட்டிக்காட்டியது: பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதன் சுமைதான் பெரிது. நகலெடுத்த கதையும் ஒட்டிய புராஜெக்டும் அந்தச் சுமையில் சேர்த்திதான்.

ஆசிரியர்களின் ஆட்சேபம் நியாயமானது. ஐம்பது பேர் வகுப்பில் ஐம்பது விதமான கதைகளை யார் திருத்துவது? காகக் கதை என்றால் சிவப்பு மையில் ஒரு டிக்கோடு முடிந்துவிடும். நூலகம் என்பதோ பல பள்ளிகளில் சாவி தலைமையாசிரியர் மேஜையில் இருக்கும் ஒரு பூட்டிய அலமாரி. ஆனால் எல்லாவற்றையும் ஒருவரே, ஒரே தடவையில் திருத்த வேண்டும் என்று சட்டம் எதுவுமில்லை. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கலாம். முதல் படியில் 'எங்கே புரியவில்லை, எங்கே நம்ப முடியவில்லை' என்று மட்டும் கேட்கலாம். எழுத்துப்பிழையும் இலக்கணமும் இரண்டாம் படிக்குக் காத்திருக்கலாம். பருவத்துக்கு ஒரு கதை போதும். அவசரமாக எழுதிய பத்து கதைகளைவிட, இரண்டு முறை திருத்தி எழுதிய ஒன்று அதிகம் கற்றுக்கொடுக்கும்.

இதைத் தள்ளிப்போட இனி நேரமுமில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தலைப்பைத் தட்டினால் காகக் கதையும் தந்திக் கதையும் சில நொடிகளில் பிழையில்லாத ஆங்கிலத்தில் வந்து விழுகின்றன. எழுதி முடித்த தாள் மட்டும் ஒரு குழந்தையின் உழைப்புக்குச் சான்றாக இருந்த காலம் போய்விட்டது. இயந்திரத்தைப் பள்ளி வாசலில் தடுக்கலாம், வீட்டில் யார் தடுப்பது? ஆனால் பாட்டியிடம் எடுத்த குறிப்பு, அடித்துத் திருத்திய முதல் படி, 'இதை ஏன் மாற்றினாய்?' என்று கேட்டால் எழுந்து நின்று சொல்லும் பதில் ஆகியவற்றைக் கடன் வாங்குவது கஷ்டம். வந்து சேர்ந்த இடத்துக்கு மட்டுமல்லாமல், வந்த வழிக்கும் மதிப்பெண் தர வேண்டியிருக்கிறது.

அது நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படுபவர்கள் மத்தியப் பிரதேசத்தைப் பார்க்கலாம். அங்கே ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தில், கிராமத்துக் குழந்தைகள் தாங்களே பரிசோதனை செய்து நோட்டில் எழுதினார்கள். அந்த நோட்டையும் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டே தேர்வும் எழுதினார்கள். 2002-ல் மாநில அரசு நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள், பல நூறு அரசுப் பள்ளிகளில் அது நடந்தது. அறிவியலில் முடிந்தது ஆங்கிலத்தில் முடியாது என்று சொல்ல ஆதாரம் எதுவுமில்லை. புதிய பாடநூலோ சுற்றறிக்கையோ வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உள்மதிப்பீட்டுக்கான பத்தில் ஐந்து மதிப்பெண்ணை அழகான அட்டையிலிருந்து பிடுங்கி, கசங்கிய குறிப்பு நோட்டுக்குக் கொடுத்தால் போதும். அடுத்த பருவத்தில் யாராவது ஒரு மாணவி எழுந்து, காகத்துக்கு எத்தனை கல் வேண்டியிருந்தது என்று நிச்சயம் கேட்பாள். ஆசிரியருக்கு விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பாட்டிலும் கொஞ்சம் கல்லும் தண்ணீரும் எந்தப் பள்ளியிலும் கிடைக்கும்.