கூலி என்னவென்று கேட்காத ஊர்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர் நிலைக்கு வந்ததும் நாம் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். தேங்காய் மூடியும் அன்னதானத் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் மாடவீதியில் கிடக்கும். கூட்டி அள்ளுகிறவர்களுக்கு என்ன கூலி என்று நாம் கேட்டதில்லை. பாகூரிலும் இதே கதைதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி வந்த தென்பெண்ணை வெள்ளம் வடிந்தபோது, சேறு வாரியவர்களைப் பாராட்டினோம். அவர்களுடைய சம்பளத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“அவங்க காண்ட்ராக்ட் ஆளுங்கதானே” என்று டீக்கடையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குப்பை வண்டி இரண்டு நாள் வராவிட்டால் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போன் போடுகிறோம். வண்டியோடு வருகிறவரின் கூலி மட்டும் காண்ட்ராக்டரின் சொந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டோம்.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, கூலி பட்டுவாடாவின்போது வேலையை ஒப்படைத்த நிர்வாகத்தின் ஆள் ஒருவர் கூடவே இருந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அன்றும் இன்றும், காண்ட்ராக்டர் குறைத்துக் கொடுத்தால் மீதியை அந்த நிர்வாகமே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. அங்கேயும் அரசு அமைப்புகள் காண்ட்ராக்டர்களை வைத்துத்தான் வேலை வாங்கின.

எங்கே குறைகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. டெண்டர் குறைந்த தொகை கேட்டவருக்குப் போகிறது. டீசல் விலையைக் குறைக்க அவரால் முடியாது, டயர் விலையையும் முடியாது. கை வைக்க எளிதாகக் கிடைப்பது ஆள் கூலி. வங்கிக் கணக்கில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, ஒரு பகுதியை மேஸ்திரி மூலம் திரும்ப வாங்கும் பழக்கமும் நாட்டில் ஒப்பந்த வேலைகளில் உண்டு. அப்படி வாங்கித் தருகிற மேஸ்திரிகள் நம்மைப் போன்ற வீடுகளிலிருந்து போனவர்கள்தாம்.

சேதராப்பட்டு கம்பெனிக்கு நம் பிள்ளை காண்ட்ராக்டில் போனால் முதல் மாதமே கேட்கிறோம்: பி.எஃப். பிடிச்சானா, இ.எஸ்.ஐ. கார்டு குடுத்தானா? குப்பை அள்ளும் அம்மாவிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அவர் பெரும்பாலும் காலனியிலிருந்து வருகிறவர் என்பதுதான் காரணம். இதை மென்று விழுங்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஐம்பது ரூபாயும் பழைய புடவையும் கொடுத்துக் கணக்கை முடித்தோம்.

1936 ஜூலை 30-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு 12 மில் தொழிலாளர்கள் பலியான புதுச்சேரி மண் இது. அவர்கள் போராட்டத்தால் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது என்று இன்றும் மேடையில் பெருமை பேசுகிறோம். மேடையைச் சுற்றிக் கூட்டுகிறவரின் வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்டிருக்கிறோமா?

கேட்க ஆளில்லை என்பது நம் சாக்கு. 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; 2011-இல் பதவிக்காலம் முடிந்தது; அதன்பின் வார்டு மெம்பர் யாரும் கிடையாது. உண்மைதான். ஆனால் ரோட்டுக்கும் தெருவிளக்குக்கும் மனு எழுத நமக்கு மெம்பர் தேவைப்படவில்லையே.

அமெரிக்காவின் பால்டிமோரில் கேட்டவர்கள் கோயில்காரர்கள். தேவாலயங்களின் இலவச உணவு வரிசையில் வேலையில் இருப்பவர்களே நிற்பதைக் கண்டு, ஏன் என்று விசாரித்தார்கள். மாநகராட்சியை விடாமல் நெருக்கினார்கள். மாநகராட்சி ஒப்பந்தங்களில் வேலை செய்வோருக்கு நாட்டின் குறைந்தபட்சக் கூலியைவிடக் கூடுதலாகத் தர வேண்டும் என்று 1994-இல் சட்டம் வந்தது. நாட்டுக் கூலி மணிக்கு 4.25 டாலராக இருந்தபோது அங்கே 6.10 டாலரில் தொடங்கியது. நம்மூரிலும் சிவன் கோயில் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, அன்னதான வரிசை இருக்கிறது. அதில் நிற்பவர்களிடம் நாம் விசாரித்ததில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய். டெண்டரில் ஆள் ஒன்றுக்கு எவ்வளவு கூலி போட்டிருக்கிறது, பி.எஃப். கட்டிய ரசீது எங்கே, சம்பளப் பதிவேட்டின் நகல் கிடைக்குமா? மழைக்கு முன் வாய்க்கால் தூர்வார ஆள் இறக்குவார்கள். அதற்குள் இந்த மூன்று கேள்வியும் வில்லியனூரிலும் பாகூரிலும் நம் கையெழுத்தோடு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குள் போயிருக்க வேண்டும்.