ஆடச் சொன்ன பாட்டு

திரைப்படம் என்றவுடன் முகத்தைச் சுளிப்பதே படித்தவர்க்கு அழகு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. புனேயில் பயிலும் நமக்கு அந்த மிடுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். பிரபாத் படக்கம்பெனி 1933-இல் கோலாப்பூரிலிருந்து வந்து குடியேறிய ஊர் இது. அதே இடத்தில் 1960-இல் திரைப்படக் கல்லூரி எழுந்தது. நல்ல படம் எது என்று நமக்கா தெரியாது! ஆகவே, விநாயகர் ஊர்வலத்தில் ஒலிபெருக்கி கிழியும்படி ‘ஜிங்காட்’ என்னும் மராத்திப் பாட்டு முழங்கும்போது, விடுதிச் சன்னலைச் சாத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். நானும் சாத்துபவன்தான். மறுநாள் தேர்வு என்றால் இனியும் சாத்துவேன்.

ஆனால் அந்தப் பாட்டைத் தாங்கிய ‘சைராட்’ என்ற படம், நான் சற்றும் எதிர்பாராத வகையில், என்னை வென்றுவிட்டது.

2016 ஏப்ரலில் வெளிவந்த படம். இயக்கியவர் நாகராஜ் மஞ்சுளே. இசையமைத்த அஜய்–அதுல் சகோதரர்கள் நம் இளையராஜாவைத் தம் ஆதர்சமாகப் போற்றுகிறவர்கள். கதையோ பழங்கதை: ஊர்ப் பெரிய வீட்டுப் பெண் ஆர்ச்சி, மீன்பிடிக்கும் குடும்பத்துப் பையன் பர்ஷ்யா. கண்டார்கள், காதலித்தார்கள், ஓடினார்கள். இதை எத்தனை படத்தில் பார்த்துச் சலித்திருக்கிறோம்! ஆயினும் இங்கே புல்லட் ஓட்டுபவள் பெண். இன்னொரு காட்சி. கல்லூரி வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்துகிறார். ஊர்த் தலைவர் மகன் கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கிறான். “யாரப்பா நீ?” என்ற பொருளில் ஆசிரியர் கேட்கிறார். பதிலாக அவர் கன்னத்தில் அறை விழுகிறது. சாதியைப் பற்றி ஒரு சொற்பொழிவு வேண்டுமா? அந்த அறை போதும்.

பின்பாதியில் பாட்டும் பசுமையும் மறைந்து போகின்றன. இருவரும் ஐதராபாத்தில் ஒரு குடிசைப் பகுதியில் ஒதுங்குகிறார்கள். அவள் தொழிற்சாலை வேலைக்குப் போய்த் தெலுங்கு கற்கிறாள். அவன் தோசை சுடுகிறான். நண்பர்களே, வீடு இழந்த இரண்டு மராத்திப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது தோசைக்கல்! ஊர்விட்டு ஊர்வந்து, கடைக்காரரிடம் அரைகுறை மராத்தியில் விலை கேட்டுத் திணறும் நமக்கு அந்தக் காட்சி எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முடிவைச் சொல்லி, பாராதவர்க்குக் கெடுக்க மாட்டேன். இசையால் வளர்ந்த அந்தப் படத்தின் கடைசி நிமிடங்களில் இசையே இல்லை என்பதோடு நிறுத்துகிறேன். படம் வருவதற்கு ஏறத்தாழ ஏழு வாரம் முன்னர், 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கரும் ஒரு மாணவர்தாம். பொறியியல் பயின்றவர், காதலித்து மணந்தவர். அதை அறிந்த தமிழன் அந்த நிசப்தத்தை எளிதில் கடந்துவிட முடியாது.

“இதை ஆட்டபாட்டம் இன்றியே சொல்லியிருக்கலாமே” என்பார் நம் நண்பர். சொல்லிப் பார்த்தார் மஞ்சுளே. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிப்பது எங்கள் விஞ்ஞானத் துறையின் பழக்கம்; ஏறத்தாழ அப்படியொரு சோதனையே இங்கு நடந்திருக்கிறது. அவருடைய முந்தைய படம் ‘ஃபன்றி’, 2013-இல் முடிந்தது. பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவனின் கதை. சாதிதான் அதிலும் பொருள், கூத்து இல்லை. தேசிய விருது பெற்றது, அறிஞர் போற்றினர். ‘சைராட்’டோ நூறு கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மராத்திப் படம். கொட்டகைக்குள்ளேயே எழுந்து ஆடினார்கள் மக்கள். ஆடியவர்களில் எல்லாச் சாதியாரும் இருந்திருப்பர். தன் மகள் வேற்றுச் சாதியானை நாடினால் அரிவாள் தேடக்கூடியவனும் இருந்திருப்பான். ‘ஃபன்றி’க்கு அவன் வரமாட்டான். ‘ஜிங்காட்’ அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தது. கதவை மூடிய பிறகுதான் சொல்ல வந்ததைச் சொன்னது.

அவன் மனம் மாறினானா? நான் அவ்வளவு எளிதில் நம்புகிறவன் அல்லன். பாட்டை வாங்கிக்கொண்டு படத்தை விட்டுவிட்டவர் ஏராளம். 2018-இல் இந்திக்காரர்கள் ‘தடக்’ என்று அதை மீண்டும் எடுத்தபோது பாட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது, சாதிதான் மங்கிப்போயிற்று. வெல்லும் பாட்டை இப்படியும் பயன்படுத்தலாம்! அந்த ஆபத்து உண்டு என்பதற்காகச் சன்னலைச் சாத்திக்கொண்டால், ஊர்வலம் முழுவதும் அவர்கள் கையில் போய்விடும்.

அதனால் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த படக்காட்சிக்கு ‘சைராட்’டைப் போடுங்கள், அதற்கடுத்த வாரம், 2018-இல் வந்த நம் ‘பரியேறும் பெருமாள்’. இரண்டுக்கும் மராத்தி மாணவர்களை அழையுங்கள். ‘ஜிங்காட்’ வரும்போது ஆட விரும்புவோர்க்காக, முன்வரிசை நாற்காலிகளை மட்டும் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும்.