பெருவெடிப்பு என்னும் பெயர்ப்பிழை

பேரண்டம் விரிகிறது என்ற செய்தியை நம் நாட்டு மாணவர் பலர் முதன்முதலாக அறிவது இயற்பியல் நூலில் அன்று. பதினோராம் வகுப்புப் புவியியல் பாடநூலில், பூமியின் தோற்றத்தைக் கூறும் இயலில்தான் அது இடம்பெற்று வந்திருக்கிறது. அந்நூலை ஆக்கியது, தில்லியில் 1961 முதல் இயங்கிவரும் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் புவியியலை விரும்பி எடுக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்பாடத்தைப் பயின்றவர்களே. இயற்பியலை எடுத்த பிள்ளைக்கோ, பள்ளிப் பருவம் முடியும்வரை இது கண்ணில் படாமலே போகக்கூடும். இதை வேடிக்கை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

அளவிடற்கரிய வெப்பமும் அடர்த்தியும் கொண்ட ஒரு சிறு பந்து இருந்தது, அது வெடித்தது, அண்டம் பிறந்தது என்கிறது அவ்வியல். படிப்பவர் மனத்தில் பிழையான ஓவியம் பதிவது இங்கேதான். வெடிக்கும் பொருளுக்கு நடுவிடம் ஒன்று உண்டு. துண்டுகள் சிதறிப் பாய்வதற்குச் சுற்றிலும் வெற்றிடம் உண்டு. தீபாவளி இரவில் தெருவில் கண்ட வெடியை மாணவன் அப்படியே பெரிதாக்கிக்கொள்கிறான். அறிவியல் சொல்வது அதுவன்று. பொருள்கள் எங்கும் பாயவில்லை. அவற்றுக்கு இடைப்பட்ட வெளிதான் விரிந்தது. எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று கேட்டால், எல்லா இடத்திலும், நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இடத்திலும் என்பதே விடை.

பழியைப் பாடநூலின்மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. 1949-இல் பி.பி.சி. வானொலிப் பேச்சு ஒன்றில் இக்கொள்கைக்கு ‘பிக் பேங்’ என்ற பெயரை இட்டவர் ஆங்கில வானியலாளர் பிரெட் ஹாயில். அவரோ அதனை ஏற்காதவர். ஏற்காதவர் இட்ட பெயரே நிலைத்துவிட்டது. தமிழிலும் நாம் வெடியை அப்படியே வாங்கிக்கொண்டு பெருவெடிப்பு என்றோம். பெருவிரிவு என்று வழங்கியிருந்தால் ஆசிரியர்களின் வேலை பாதி குறைந்திருக்கும்.

புள்ளியிட்ட பலூனை ஊதிக் காட்டும் உவமையும் அவ்வியலில் வருகிறது. பலூனோடு புள்ளிகளும் பெருப்பதால் அவ்வுவமை முழுமையன்று என்று நூலே ஒப்புக்கொள்வது பாராட்டுக்குரியது. நம் அடுக்களையில் இதனினும் நல்ல உவமை உண்டு. காஞ்சிபுரம் இட்லி மாவில் மிளகு கலந்திருக்கும். ஆவியில் மாவு உப்பும்போது மிளகுகள் பெருப்பதில்லை. அவற்றின் இடைவெளிதான் பெருகுகிறது. எந்த மிளகிலிருந்து பார்த்தாலும் மற்றவை விலகுவதாகவே தோன்றும். தொலைவில் உள்ளது விரைந்து விலகும். நம் பால்வழிக்கு அப்பாலுள்ள விண்மீன் திரள்களிடம் எட்வின் ஹபிள் 1929-இல் கண்டு வெளியிட்டது இதுதான். அந்த ஆண்டைப் பாடநூல் 1920 என்று பிறழக் குறித்தது. இட்லிக்கு விளிம்பு உண்டு, அண்டத்துக்கு விளிம்பு காணப்படவில்லை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

ஹாயிலின் மாறாநிலைக் கொள்கையைக் குறிப்பிடும் பாடநூல், விரிவுக்குச் சான்று பெருகியதால் அது பின்தள்ளப்பட்டது என்கிறது. இது பெரும் பிழை. மாறாநிலைக் கொள்கையும் விரிவை ஏற்றதே. விரியும் இடைவெளியில் புதுப்பொருள் பிறந்து அண்டம் என்றும் ஒரே தோற்றத்தில் இருக்கும் என்றது. அதனை வீழ்த்தியது 1965-இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. தொடக்க வெப்பம் தணிந்து, ஏறத்தாழ 3,80,000 ஆண்டு அகவையில் அண்டம் ஒளி ஊடுருவும் நிலையை எய்தியபோது விடுபட்ட கதிர் அது. 1380 கோடி ஆண்டுகளாகக் குளிர்ந்து இன்று 2.7 கெல்வினில் நிற்கிறது. 1959-இல் இந்தியாவின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தில்லியில் தொடங்கியபோது, நிகழ்ச்சி முடிந்த திரையில் இரைந்த வெண்புள்ளிகளில் மிகச் சிறு பங்கு அக்கதிரே. அன்று அது இன்னதென்று அறிந்தவர் உலகில் எவருமில்லை.

ஹாயிலின் மாணவர் ஜயந்த் நார்லிகர், 2025 மே மாதம் மறையும்வரை பெருவெடிப்பை ஐயுற்றவர். 2005-ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்தை ஒட்டி எழுந்த அறிவியல், கணித நூல்களுக்கான ஆலோசனைக் குழுவின் தலைவரும் அவரே. புவியியலோ சமூக அறிவியல் பக்கம் சென்றுவிட்டது! நாட்டில் இப்பாடத்தை எவரினும் நன்கறிந்தவரின் குழுவுக்குள் அவ்வியல் வரவேயில்லை.

விரிவும் பின்னணிக் கதிர்வீச்சும் நிறுவப்பட்டவை; முதல் நொடியின் நுண்கூறில் அண்டம் அளவிறந்து பெருத்தது என்னும் வீக்கக் கொள்கையோ வேறு தரத்தது. 1981-இல் ஆலன் கூத் வெளியிட்ட அக்கருத்து பல புதிர்களை அவிழ்க்கிறது; ஆயினும் முடிவான சான்று கிட்டவில்லை. 2014-இல் சான்று கிடைத்ததென்ற அறிவிப்பு, நம் பால்வழித் தூசியின் மயக்கம் எனத் தெளிந்தது. ஐயமற நிறுவப்பட்டது எது, ஆய்வில் இருப்பது எது என்று பிரித்துக் கூறாத விளக்கம் பொதுமக்களை ஏமாற்றும் விளக்கமே.

2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின்படி பாடநூல்கள் இப்போது புதிதாக எழுதப்பட்டு வருகின்றன. இவ்வியலை இயற்பியல் நூலுக்கும் கொண்டுசெல்க. மாறாநிலைக் கொள்கைக்கு இழைத்த பிழையைத் திருத்துக. 1920 என்பதை 1929 ஆக்குக எனக் குழுமத்தைக் கேட்டுக்கொள்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல் ஆசிரியர்கள் பெருவிரிவு என்ற சொல்லை ஆய்ந்து பார்ப்பார்களாக.