மூளைக்கு பைபாஸ்: லாஜிக் சரி, ரிசல்ட்?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். தலைத்தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அது. மண்டையோட்டில் ஒரு திறப்பு போட்டு, அதை உள்ளே கொண்டுபோய் மூளைத் தமனியோடு தைத்துவிட்டால்? கழுத்தில் பாதை அடைத்திருந்தாலும் மூளைக்கு ரத்தம் போகுமே! 1967-ல் சூரிச்சில் டாக்டர் காஸி யாசர்கில் இதைச் செய்தே காட்டினார். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில், முடியைவிட மெல்லிய நூலால் தையல். அடுத்த சில ஆண்டுகளில் பல நாடுகளுக்குப் பரவியது.

பிறகுதான் சிக்கல். 1,377 பேரிடம் நடந்த சர்வதேச ஆய்வு 1985-ல் வெளியானது. மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஸ்ட்ரோக் குறையவில்லை.

'தப்பான ஆட்களைத் தேர்ந்தெடுத்துட்டாங்க' என்றனர் விமர்சகர்கள். நியாயமான வாதம்தான். அதனால் அமெரிக்காவில் அடுத்த ஆய்வில், மூளையில் ரத்த ஓட்டம் நிஜமாகவே குறைந்தவர்களை பெட் ஸ்கேன் வழியே தேடி எடுத்தார்கள். மொத்தம் 195 பேர். பலன் தெரியாததால் ஆய்வு பாதியிலேயே நின்றது; 2011-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு ஆண்டுக் கணக்கில் ஆபரேஷன் தரப்பில் 21% பேருக்கு ஸ்ட்ரோக், மருந்துத் தரப்பில் 22.7%. ஏறக்குறைய சமம். ஆனால் முதல் 30 நாளில் மட்டும் பார்த்தால் 14%-க்கு எதிராக 2%!

இத்தனைக்கும் தைத்த குழாய்கள் பெரும்பாலும் நன்றாகவே ஓடின. ஏற்கெனவே தள்ளாடும் மூளை, ஆபரேஷன் நேரத்தையே தாங்கவில்லை. 2023-ல் வெளியான 324 பேரிடம் நடந்த சீன ஆய்வும் பைபாஸுக்குத் தெளிவான வெற்றியைத் தரவில்லை.

அப்போ இது வேஸ்ட்டா? இல்லை. மோயாமோயா என்றொரு நோய். மூளையின் அடித்தளத் தமனிகள் மெல்ல மெல்லச் சுருங்கும். ஸ்கேனில் சிறு குழாய்கள் புகைபோலத் தெரிவதால் ஜப்பானியர் வைத்த பெயர். குழந்தைகளுக்கும் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை, பைபாஸ்தான் முக்கிய வழி. (ஸ்ட்ரோக் வந்த சில மணி நேரத்தில் ரத்தக்கட்டியை உருவி எடுப்பது முற்றிலும் வேறு சிகிச்சை. அதற்குத் தாமதமே கூடாது.)

எனவே, 'அடைப்பு இருக்கு, பைபாஸ் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால், கையெழுத்து போடும் முன் குடும்பம் கேட்கவேண்டியது: இது மோயாமோயாவா, கொழுப்புப் படிந்த அடைப்பா? மாத்திரை, பிரஷர், சுகர் கட்டுப்பாடு எல்லாம் முழுசாக முயன்றாயிற்றா? இந்த டீம் செய்த ஆபரேஷன்களில் முதல் மாதத்தில் எத்தனை பேருக்கு ஸ்ட்ரோக் வந்தது?